எங்கே தொற்றியது? யாரைத் தொற்றியது?

“ஒரு வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போய் இன்னொரு வருத்தத்தோடு வந்தார்” என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி கேட்பது. “உடம்பில் சக்தியில்லை, அதனால் கண்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறது” என்பதும் அப்படித்தான். முதலாவது பேச்சில் குற்றம் வைத்தியசாலையின் மீது விழுகின்றது. இரண்டாவதில் அது நோயாளியின் உடம்பின் மீது விழுகின்றது. மருத்துவ விஞ்ஞானம் இவ்விரண்டுக்கும் இரு தனிப் பெயர்களை வைத்திருக்கின்றது. முன்னையது வைத்தியசாலைசார் தொற்று. பின்னையது சந்தர்ப்பவாதத் தொற்று. இவ்விரண்டும் ஒன்றல்ல. அதேவேளை ஒன்றுக்கொன்று எதிரானவையும் அல்ல. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வது உயர்தரப் பரீட்சையில் உயிரியல் வினாவொன்றுக்கு விடை எழுத மாத்திரம் அல்ல. வீட்டில் உம்மாவோ வாப்பாவோ, வாப்பம்மாவோ நோயுற்றுக் கிடக்கும்போது நாம் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதைத் தீர்மானிக்கவும் அது உதவும்.

வேறுபாட்டை இரண்டு கேள்விகளில் அடக்கிவிடலாம். “எங்கே தொற்றியது?” என்று கேட்டால் வரும் விடை வைத்தியசாலைசார் தொற்றைக் காட்டும். “எப்படிப்பட்ட உடலில் தொற்றியது?” என்று கேட்டால் வரும் விடை சந்தர்ப்பவாதத் தொற்றைக் காட்டும். ஒன்று இடத்தைப் பற்றியது. மற்றையது ஆளைப் பற்றியது.

இடம் செய்யும் வேலை

ஒருவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டபோது அவரது உடலில் இல்லாத, அரும்பு நிலையிலும் இல்லாத ஒரு தொற்று, அனுமதிக்கப்பட்டு 48 மணித்தியாலங்கள் அல்லது அதற்கு மேல் கடந்த பின்னர் தோன்றினால் அதனைப் பொதுவாக வைத்தியசாலைசார் தொற்று என்பர். 48 மணித்தியாலம் என்பது ஒரு வசதிக்கான எல்லையே. சத்திரசிகிச்சை செய்த இடத்தில் 30 நாட்களுக்குள் ஏற்படும் தொற்றும், நோயாளி வீடு திரும்பியிருந்தாலும், இவ்வகையிலேயே சேரும். அதேபோல, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடமிருந்து கொப்புளிப்பான் தொற்றிய ஒரு பிள்ளைக்கு 10 முதல் 21 நாட்களின் பின்னரே நோய் வெளித்தெரியும். அப்போது பிள்ளை வீட்டில் இருக்கும். ஆனால் தொற்றிய இடம் நோயாளர் விடுதியே.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை? உலக சுகாதார ஸ்தாபனம் 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உயர் வருமான நாடுகளின் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படும் ஒவ்வொரு 100 நோயாளர்களிலும் 7 பேருக்கும், குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 15 பேருக்கும் தங்கியிருக்கும் காலத்தில் குறைந்தது ஒரு தொற்றாவது ஏற்படுகின்றது. கைச்சுத்தமும் ஏனைய தொற்றுத் தடுப்பு முறைகளும் ஒழுங்காகப் பேணப்பட்டால் இவற்றில் 70 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்பதும் அதே அறிக்கை கூறும் செய்தி.

வைத்தியசாலையில் கிருமிகள் நுழைய நான்கு முக்கிய வாயில்கள் உள்ளன. சேலைன் ஏற்ற நாளத்தில் பொருத்தும் குழாய் முதலாவது. சிறுநீர் வெளியேறப் பொருத்தும் கதீட்டர் இரண்டாவது. செயற்கைச் சுவாசக் கருவியின் குழாய் மூன்றாவது. சத்திரசிகிச்சைக் காயம் நான்காவது. இவை நான்கும் நோயாளியைக் காப்பாற்றுவதற்காகத் திறக்கப்பட்ட வாயில்கள் என்பதை மறந்துவிடலாகாது. தோலும் சளிமென்சவ்வும் இயற்கை எழுப்பிய மதில்கள். சிகிச்சைக்காக அந்த மதிலில் ஒரு துளை இட வேண்டியிருக்கின்றது. அத்துளை எவ்வளவு நாள் திறந்திருக்கின்றதோ அவ்வளவுக்குக் கிருமி நுழையும் வாய்ப்பும் கூடும். குடலில் தீங்கின்றி வாழும் ஈ.கோலை என்னும் பற்றீரியா, கதீட்டர் வழியே சிறுநீர்ப்பைக்கு ஏறிவிட்டால் தொற்றை உண்டாக்குவது இப்படித்தான்.

வியன்னா தந்த பாடம்

இடம் நோயை உண்டாக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் ஹங்கேரியரான வைத்தியர் இக்னாஸ் செமல்வைஸ். அவர் பணிபுரிந்த வியன்னா பொது வைத்தியசாலையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதலாவது பிரிவில் மருத்துவ மாணவர்களும் வைத்தியர்களும் பிரசவம் பார்த்தனர். இரண்டாவது பிரிவில் மருத்துவிச்சிகள் பார்த்தனர். 1846 ஆம் ஆண்டு முதலாவது பிரிவில் பிரசவித்த தாய்மாரில் 11.4 சதவீதமானோர் இறந்தனர். இரண்டாவதில் இறந்தோர் 2.8 சதவீதம் மாத்திரமே. நகரத்துப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதலாவது பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சியோர் இருந்தனர். தெருவிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டோரும் இருந்தனர்.

ஒரே கூரை, ஒரே நகரம், ஒரே வகைத் தாய்மார். பிறகு ஏன் இந்த வேறுபாடு? 1847 இல் செமல்வைஸின் நண்பரான வைத்தியர் ஒருவர் பிரேத பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமுற்று, அத்தாய்மாரைப் போன்றே காய்ச்சல் கண்டு இறந்தார். செமல்வைஸுக்கு விடை கிடைத்தது. முதலாவது பிரிவின் மாணவர்கள் பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவிச்சிகளோ பிரேத அறைக்குச் செல்வதேயில்லை. நோயைச் சுமந்து வந்தவை கைகளே. 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவதை அவர் கட்டாயமாக்கினார். 1848 இல் முதலாவது பிரிவின் இறப்பு 1.3 சதவீதமளவுக்கு இறங்கி, இரண்டாவது பிரிவுக்குச் சமமாகியது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் இளம் பெண்கள். நீண்டகால நோயாளிகள் அல்லர். அவர்களது உடலில் குறை தேடிப் பயனில்லை. மாற்ற வேண்டியிருந்தது இடத்தையும் அங்கு வேலை செய்தோரின் பழக்கத்தையுமே. ஆயினும் “எங்கள் கைகளா கொன்றன?” என்று கோபங்கொண்ட வைத்தியர்கள் பலர் செமல்வைஸை ஏற்கவில்லை. 1865 ஆம் ஆண்டு, தமது 47 ஆவது வயதில் மனநோய் விடுதியொன்றில் அவர் இறந்தார். அதே ஆண்டில்தான் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் கார்போலிக் அமிலத்தைக் காயத்துக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

உடல் இடம் கொடுக்கும்போது

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். நம்மைச் சுற்றிக் காற்றிலும் மண்ணிலும் நீரிலும் நம் தோலிலும் வாயிலும் குடலிலும் கோடானுகோடி நுண்ணங்கிகள் வாழ்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சுகதேகியான ஒருவரை ஒன்றும் செய்வதில்லை. தோல் தடுக்கின்றது, வெண்குழியங்கள் விழுங்குகின்றன, பிறபொருளெதிரிகள் அடையாளங்கண்டு செயலிழக்கச் செய்கின்றன. இந்த நிர்ப்பீடன ஏற்பாடு தளரும்போது, அதுவரை அமைதியாக இருந்த நுண்ணங்கி எழுந்து தாக்குகின்றது. சந்தர்ப்பம் பார்த்திருந்து தாக்குவதால் சந்தர்ப்பவாதத் தொற்று எனப் பெயர் வந்தது.

இத்தகைய தொற்றின் பொருளை உலகம் முழுமையாக உணர்ந்த நாள் 1981 ஜூன் 5 எனலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அன்று வெளியிட்ட வாராந்த அறிக்கையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் என்னும் நுண்ணங்கியால் நியூமோனியா ஏற்பட்ட செய்தி இருந்தது. இது ஒரு பங்கசு. நம்மில் மிகப் பலர் சிறுவயதிலேயே இதனைச் சந்தித்துவிடுகின்றோம், எதுவும் நேர்வதில்லை. நிர்ப்பீடனம் மிகவும் தளர்ந்தவர்களிடமே இது நோயாக வெளிப்படும். முன்னர் எந்தப் பாரதூரமான நோயும் இல்லாதிருந்த இளைஞர்களுக்கு இது ஏன் வந்தது? அக்கேள்வியே எயிட்ஸ் நோயைக் கண்டறிய வழி திறந்தது. 1983 இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவக விஞ்ஞானிகள் அதற்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தனர். எச்.ஐ.வி. எனப் பின்னர் பெயர் பெற்ற அந்த வைரசு, நிர்ப்பீடனத்தை வழிநடத்தும் உதவி நிணநீர்க்குழியங்களையே அழித்துவிடுகின்றது. இந்நோயாளர்களின் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் அவ்வழியே நுழையும் பிற கிருமிகள்தாம். 1996 அளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து நிர்ப்பீடனம் மீண்டபோது இத்தொற்றுகளும் வெகுவாகக் குறைந்தன. இங்கு மாற்ற வேண்டியிருந்தது இடத்தையன்று, உடலின் நிலையை.

எயிட்ஸ் மாத்திரமே நிர்ப்பீடனத்தைத் தளர்த்துவதில்லை. புற்றுநோய்க்கான மருந்துகள், நீண்டகாலம் உட்கொள்ளும் ஸ்டெரொய்ட் மாத்திரைகள், சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் பின் கொடுக்கப்படும் மருந்துகள், கட்டுப்படாத நீரிழிவு, போசணைக் குறைபாடு, முதுமை, குறைமாதப் பிறப்பு ஆகிய அனைத்தும் அதனைச் செய்கின்றன. 2021 ஆம் ஆண்டு இந்தியாவில் கொவிட் நோய் பரவியபோது “கறுப்புப் பங்கசு” என்று பேசப்பட்ட மியூகோர்மைகோசிஸ் நோய் 45,000 இற்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அந்தப் பங்கசு புதிதாக வந்ததல்ல. மண்ணிலும் அழுகும் சேதனப் பொருளிலும் எப்போதும் இருப்பதுதான். அதற்கு இடம் கொடுத்தவை கட்டுப்படாத நீரிழிவும், கொவிட்டுக்காகக் கொடுக்கப்பட்ட ஸ்டெரொய்ட் மருந்துகளுமே.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. மெலியொய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் பற்றீரியா ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கின்றது. இலங்கையில் இந்நோய் 1927 ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. வயலில் இறங்கி வேலை செய்வோருக்கு, குறிப்பாக மழைக்காலத்தில், இது காலிலுள்ள சிறு காயம் வழியே நுழையலாம். சுகதேகிகளையும் அது சிலவேளை தாக்கும். ஆனால் அதிகமாகத் தாக்குவது நீரிழிவு உள்ளவர்களையே. ஆகவே நீரிழிவுள்ள ஒரு விவசாயிக்கு வயலில் சப்பாத்து அணிவதும் சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதும் இரண்டுமே தொற்றுத் தடுப்புதான்.

நான்கு நோயாளர்கள்

இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கேட்டுப் பார்த்தால் விடயம் தெளிவாகும். நான்கு பேரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதலாமவர், விளையாடும்போது கால் முறிந்து வைத்தியசாலையில் இருக்கும் சுகதேகியான மாணவி. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒருவரிடமிருந்து ஐந்தாம் நாள் அவளுக்கு இன்புளுவென்சா தொற்றுகின்றது. இது வைத்தியசாலைசார் தொற்று. ஆனால் சந்தர்ப்பவாதத் தொற்று அன்று. இன்புளுவென்சா யாரையும் தாக்கும்.

இரண்டாமவர், நாம் மேலே பார்த்த நீரிழிவுள்ள விவசாயி. அவருக்கு வயலில் மெலியொய்டோசிஸ் தொற்றுகின்றது. உடலின் தளர்வு இங்கே கிருமிக்கு வழிவிட்டது. வைத்தியசாலைக்கு இதில் பங்கில்லை.

மூன்றாமவர், இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் தாய். வெண்குழியங்கள் மிகவும் குறைந்திருக்கும் வேளையில், மருந்தேற்றப் பொருத்திய குழாய் வழியே கன்டிடா என்னும் பங்கசு குருதியில் கலக்கின்றது. இடமும் காரணம், உடலும் காரணம். இது இரண்டு வகையிலும் சேரும்.

நான்காமவர், வகுப்பில் நண்பியிடமிருந்து தடிமன் தொற்றிய மாணவி. அது இரண்டு வகையிலும் சேராது.

இவர்களில் அதிக ஆபத்தில் இருப்பவர் மூன்றாமவரே. வைத்தியசாலையில் நீண்ட காலம் தங்குவோர் பெரும்பாலும் உடல் தளர்ந்தோர் என்பதால், இவ்விரு வகைகளும் அங்கே அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 2009 இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து பிரித்தறியப்பட்ட கன்டிடா ஒரிஸ் என்னும் பங்கசு இதற்கு நல்ல உதாரணம். அது கட்டிற் சட்டத்திலும் கருவிகளிலும் பல நாட்கள் உயிரோடிருந்து கைகள் வழியே பரவும். பல மருந்துகளுக்கும் அடங்காது. ஆனால் உயிராபத்தை விளைவிப்பது பெரும்பாலும் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்குத்தான்.

இரண்டு வகைகளுக்கும் இடையில் கோடு கீறியது போன்ற எல்லை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக் காயமும் ஒரு தற்காலிகப் பலவீனந்தான். நுண்ணுயிர்கொல்லி மருந்துகளும் அவ்வாறே. நம் குடலில் வாழும் நன்மை தரும் பற்றீரியாக்களை அவை அழித்துவிடும்போது, குளொஸ்ட்ரிடியோய்டஸ் டிபிசில் என்னும் பற்றீரியா அவ்விடத்தைப் பிடித்துக் கடும் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். அதன் வித்திகளை அற்ககோல் கைத்திரவம் அழிக்காது. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவியே அகற்ற வேண்டும்.

கிருமிகளும் பழகிக்கொள்கின்றன

வைத்தியசாலையில் தொற்றும் கிருமி, வீட்டில் தொற்றும் கிருமியைவிடப் பிடிவாதமானதாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கு நுண்ணுயிர்கொல்லிகள் அதிகம் பயன்படுகின்றன. மருந்தைத் தாங்கும் கிருமி தப்பிப் பெருகுகின்றது. தாங்காதது அழிகின்றது. மெதிசிலின் என்னும் மருந்து 1959 இல் பாவனைக்கு வந்தது. 1961 இலேயே அதற்கு அடங்காத ஸ்டெபிலோகொக்கஸ் பற்றீரியா பிரித்தானியாவில் அறியப்பட்டது. இரண்டே ஆண்டுகள்!

இதில் வீட்டாருக்கும் பங்குண்டு. மருந்துச் சிட்டை இல்லாமல் பாமசியில் நுண்ணுயிர்கொல்லி வாங்குவதும், மகளுக்குக் கொடுத்ததில் மிஞ்சியதை மகனுக்குக் கொடுப்பதும், தடிமனுக்கெல்லாம் அதனைக் கேட்டு நிற்பதும் இந்தப் பிடிவாதத்தை வளர்க்கின்றன. தடிமனை உண்டாக்குவது வைரசு. வைரசுக்கு நுண்ணுயிர்கொல்லி வேலை செய்யாது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வைத்தியசாலையில் தொற்று வரும் என்று பயந்து வைத்தியசாலைக்குப் போகாதிருப்பது பெருந்தவறு. சிகிச்சை பெறாமையின் ஆபத்து அதைவிடப் பன்மடங்கு பெரிது. போக வேண்டிய நேரத்தில் போக வேண்டும்; போகும்போது அறிவோடு போக வேண்டும்.

“எங்கே?” என்ற கேள்விக்குரிய கடமைகள் பார்க்கப் போகின்றவர்களுடையவை. நோயாளியைத் தொடுவதற்கு முன்னரும் பின்னரும் கைகளைக் கழுவுவோம். சவர்க்காரம் கொண்டு 40 முதல் 60 செக்கன்கள் வரை கழுவ வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. விரலிடுக்கு, பெருவிரல், நகத்தின் அடி ஆகியன நாம் மறந்துவிடும் இடங்கள். கட்டிலில் அமர வேண்டாம். சேலைன் குழாயையோ கட்டுப் போட்ட காயத்தையோ தொட வேண்டாம். ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்கு அப்படியே போக வேண்டாம். கைக்குழந்தைகளை விடுதிக்கு அழைத்துச் செல்வதைத் தவிர்ப்போம். “இந்தக் குழாய் இன்னும் தேவைதானா, டொக்டர்?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. தேவையற்ற குழாயை விரைவில் அகற்றுவது தொற்றைக் குறைக்கும் சிறந்த வழிகளில் ஒன்று.

“யாரை?” என்ற கேள்விக்குரிய கடமைகள் வீட்டாருடையவை. புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் ஒருவருக்கு, அதிலும் மருந்தேற்றி ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்களுக்கிடையில், உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அது சாதாரண காய்ச்சலன்று. பரசிட்டமோல் கொடுத்து, கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. இரவானாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வெண்குழியங்கள் குறைந்த உடலில் சீழோ வீக்கமோ தோன்றாது; காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கையாக இருக்கலாம். நீரிழிவுள்ளவர்களின் பாதங்களை நாள்தோறும் பார்ப்பதும், நன்கு சமைத்த உணவைக் கொடுப்பதும், ஸ்டெரொய்ட் மாத்திரையை வைத்தியரைக் கேளாமல் நிறுத்தாதிருப்பதும், வீட்டிலுள்ள மற்றவர்கள் உரிய தடுப்பூசிகளைப் பெற்றுக்கொள்வதும் இதில் அடங்கும்.

இவை அனைத்திலும் நமக்குக் கடினமானது வேறொன்று. நோயாளியைச் சுகம் விசாரிப்பதை நாம் நற்செயலாகவும் கடமையாகவும் கருதுகின்றோம். போகாவிட்டால் மனம் உறுத்தும். உறவுகள் குறை சொல்லும். அதனால் தடிமனோடும் இருமலோடும் போய்விடுகின்றோம். நோயாளியின் வீட்டாரும் “இப்போது வர வேண்டாம்” என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கதவைத் திறந்துவிடுகின்றனர். பத்து நிமிட விசாரிப்பு, வெண்குழியம் குறைந்த ஒரு தாயை மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடக்கூடும். சுகமில்லாதபோது தொலைபேசியில் நலம் விசாரித்து, துஆச் செய்து, வாசலில் உணவைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதும் சுகம் விசாரிப்பதுதான். “கொஞ்ச நாளைக்கு வராதீர்கள்” என்று ஒரு வீட்டார் சொன்னால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதிருக்கப் பெரியவர்கள் பழக வேண்டும். அதை மரியாதையோடு எடுத்துச் சொல்ல வளர்ந்த பிள்ளைகளாகிய மாணவியரும் பழக வேண்டும். மாமிக்கும் சாச்சிக்கும் காரணத்தை விளக்கிச் சொல்லும் அளவுக்கு உயிரியல் படித்த ஒருத்தி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால், அதுவே அவ்வீட்டு நோயாளிக்கு ஒரு பாதுகாப்பு.